தோற்றாலும் பறிபோகாத நாற்காலி

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தின் இணையச் சந்திப்பில் நண்பர் ஒருவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஹருகி முரகாமியில்தான் ஆரம்பித்தார், வேறெங்கே ஆரம்பிப்பது? 1978 ஏப்ரலில் ஜிங்கு மைதானத்தில் பியரும் கையுமாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த முரகாமிக்கு, டேவ் ஹில்டன் அடித்த ஒரு பந்தைப் பார்த்ததும் தானும் நாவல் எழுதலாம் என்று தோன்றிய கதை. அதே மைதானத்தில்தான் ஒரு மாணவர் அணி தொடர்ந்து 94 ஆட்டங்கள் தோற்றது என்றார் நண்பர். ஜப்பானின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வை எழுதி உள்ளே வந்த பிள்ளைகள், தோற்போம் என்று தெரிந்தே வாராவாரம் சீருடை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்களாம். "அவங்களுக்குத் தோல்விங்கிறது ஒரு தியானம்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. திரையெல்லாம் இதயக்குறி பறந்தது.

நான் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நண்பர் மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆறு வருடமாக டோக்கியோவில், நிஷி கசாயில் குடியிருக்கிறேன். பேஸ்பாலில் நான் நிபுணன் கிடையாது. வந்த புதிதில் ஸ்ட்ரைக் எது, பால் எது என்றுகூடத் தெரியாது. அலுவலகத் தோழர் ஒருவர் ஜிங்குவுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார். பிறகு நானாகவே போக ஆரம்பித்தேன். டோக்கியோ பல்கலைக்கழகத்தை, இங்கே எல்லோரும் சொல்வதுபோல 'டோதாய்' என்றே சொல்கிறேன், பல முறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தோற்றார்கள். அதில் ஒரு முறைகூட நான் தியானம் பார்க்கவில்லை. மூன்றாவது பேஸில் அவுட்டாகித் திரும்பும் பையன் ஹெல்மெட்டைக் கழற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக் 1925இல் உருவானது: வாசெதா, கெய்யோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, டோதாய். வருடத்துக்கு இரண்டு பருவம், வசந்தம் ஒன்று, இலையுதிர்காலம் ஒன்று. மற்ற ஐந்தும் பலமுறை கோப்பை வென்றிருக்கின்றன. டோதாய் ஒரு முறைகூட இல்லை. அதன் உச்சம் 1946 வசந்தத்தில் பிடித்த இரண்டாம் இடம். 2010 அக்டோபரில் வாசெதாவை வென்றார்கள். அன்று எதிரில் பந்து வீசியவர் யூக்கி சைத்தோ, ஜப்பான் முழுக்கக் கொண்டாடிய நட்சத்திரம். அதற்குப் பிறகு 94 தோல்வி. 2015 மே 23 அன்று ஹோசெயை 10 இன்னிங்ஸ் ஆடி 6-4 என்று வென்றபோதுதான் அது முறிந்தது. அப்புறம் இன்னொரு நீண்ட தொடர், 64 தோல்வி. அதுவும் ஹோசெயிடம்தான் முடிந்தது, 2021 மே 30, 2-0.

ஏன் தோற்கிறார்கள் என்பதில் மர்மம் ஏதுமில்லை. மற்ற ஐந்தும் தனியார் பல்கலைக்கழகங்கள். விளையாட்டுப் பரிந்துரை, நேர்காணல் வழிச் சேர்க்கை, சொந்த மேல்நிலைப் பள்ளிகள் என்று ஏதோ ஒரு கதவு வழியாக நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே வந்துவிடுகிறார்கள். கோஷியென் பள்ளிப் போட்டியில் நாடறிந்த பையன்கள் பலர் அங்கே போகிறார்கள். டோதாய் அரசுப் பல்கலைக்கழகம், அங்கே விளையாட்டுக்கென்று தனிக்கதவு இல்லை. அவ்வளவுதான் விஷயம். இது ஒரு சேர்க்கை விதியின் விளைவு. இதில் ஜென்னும் இல்லை, செர்ரிப் பூவும் இல்லை.

சரி, அந்தத் 'தோல்வியை நேசிக்கும் மனம்' என்பதற்கு வரலாற்றிலாவது ஏதாவது ஆதாரம் உண்டா? நேர்மாறாகத்தான் இருக்கிறது.

ஜப்பானுக்கு பேஸ்பாலைக் கொண்டுவந்தவர் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர். 1872இல் அவர் மட்டையைக் கையில் கொடுத்த பள்ளிதான் பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனங்களில் ஒன்று. அதே மரத்தின் இன்னொரு கிளை 'இச்சிகோ' எனப்பட்ட முதலாம் உயர்நிலைப் பள்ளி. பேரரசுப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் முன்வாசல் அதுதான். 1949இல் டோதாயோடே கரைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஜப்பானின் மிகச் சிறந்த பேஸ்பால் அணி எது தெரியுமா? இந்த இச்சிகோதான். நாளைய அமைச்சர்களும் அதிகாரிகளும் நீதிபதிகளும் படித்த பள்ளி.

அவர்கள் எப்படித் தோற்றார்கள் என்று பாருங்கள். 1890 மே மாதம், மெய்ஜி காக்குயின் அணியோடு ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் இச்சிகோ 0-6 என்று பின்தங்கியிருக்கிறது. மெய்ஜி காக்குயினில் பாடம் நடத்தும் வில்லியம் இம்ப்ரி என்ற அமெரிக்கப் பாதிரியார் தாமதமாக வந்து, வாசலைத் தேடாமல் வேலியைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டார். இச்சிகோ மாணவர்கள் அவரைச் சூழ்ந்து தாக்கினார்கள். முகத்தில் இரத்தம். ஆட்டம் அதோடு நின்றது. இதுதான் ஐயா நீங்கள் சொன்ன தியானம்.

அந்த அவமானத்துக்குப் பிறகு பைத்தியம் பிடித்ததுபோலப் பயிற்சி செய்தார்கள். யோக்கோஹாமாவில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று இருந்தது. அது சமமற்ற ஒப்பந்தங்களின் காலம், வெளிநாட்டவர் ஜப்பானியச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. "எங்களோடு ஆட வாருங்கள்" என்று இச்சிகோ கேட்க, கிளப் வருடக்கணக்கில் தட்டிக் கழித்தது. கடைசியில் 1896 மே 23 அன்று ஒப்புக்கொண்டார்கள். இச்சிகோ 29, யோக்கோஹாமா 4. நூற்றுப் பத்தொன்பது வருடம் கழித்து அதே மே 23இல்தான் 94 தோல்வித் தொடர் முறிந்தது என்பது வெறும் தற்செயல். ஆனால் வாசகர் வட்டத்தில் யாருக்காவது குரல் தழுதழுக்கவேண்டுமானால் இதற்குத் தழுதழுக்கலாம்.

இலக்கிய வாசகர்களுக்காக ஒரு சிறு கிளைப்பாதை. ஹைக்கூவைப் புதுப்பித்த மசவோக்கா ஷிக்கி இந்த வளாகத்தில் பேஸ்பால் ஆடியவர். 1884இல் பல்கலைக்கழக ஆயத்தப் பள்ளியில் சேர்ந்தார், கேட்சராக நின்றார். காசநோய் வந்து மட்டையைக் கீழே வைத்தார். படிப்பையும் பாதியில் விட்டார். 1902இல் செத்துப்போனார், வயது 34. மட்டை பிடிப்பவருக்கும் ஓடுபவருக்கும் ஜப்பானிய மொழியில் சொல் கொடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. பேஸ்பாலுக்கு 'யாக்கியூ' என்ற பெயரை 1894இல் வைத்தவர் ச்சூமா கனயே, அவரும் இச்சிகோ ஆட்டக்காரர்தான். (நாம் இன்னும் 'பிட்சர்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.) ஊயெனோ பூங்காவில் ஷிக்கியின் பெயரில் ஒரு சின்ன மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்ப் பொடியன்கள் ஆடுகிறார்கள். டோக்கியோ வருபவர்கள் போய்ப் பாருங்கள், டிக்கெட் கிடையாது.

ஆக, ஆட்டத்தைக் கண்டெடுத்து, பெயர் வைத்து, வெள்ளையரைத் தோற்கடித்து, அதைத் தேசப் பெருமையாக்கியதெல்லாம் இந்த மேட்டுக்குடிதான். பிறகு என்ன ஆயிற்று? 1904 ஜூனில் வாசெதாவும் கெய்யோவும் அடுத்தடுத்து இச்சிகோவைத் தோற்கடித்தன. அத்தோடு ஆட்டம் தனியார் பல்கலைக்கழகங்களின் கைக்குப் போனது. வாசெதா 1905இல் அமெரிக்காவுக்கே போய் ஆடிவிட்டு வந்தது. வாசெதா–கெய்யோ மோதலில் ரசிகர் வெறி தலைக்கேறி, 1906இல் அந்தத் தொடரையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மறுபடி ஆட 1925 வரை காத்திருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம் வருகிறது. 1911இல் அசாஹி நாளிதழ் பேஸ்பாலால் விளையும் கேடுகள் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. அதில் முதலில் வந்து திட்டியவர் யார்? இனாசோ நித்தோபே, 'புஷிதோ' எழுதியவர். அப்போது அவர் இச்சிகோவின் தலைமையாசிரியர்! இது எதிராளியை ஏமாற்றுகிற, பேஸைத் திருடுகிற ஜேப்படி ஆட்டம் என்றார். அவருடைய பள்ளி ஜெயித்துக்கொண்டிருந்தபோது அது சாமுராய் ஆட்டம். அடுத்தவன் ஜெயிக்க ஆரம்பித்ததும் அது திருட்டு ஆட்டம். நித்தோபே அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று அவருடைய அன்பர்கள் சொல்லலாம். ஆனால் எந்த வருடம், எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார் என்பதை நான் எப்படிப் பார்க்காமல் இருப்பது? (அதே அசாஹிதான் 1915இல் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கி, கேடு என்று தான் சொன்னதை நாட்டின் திருவிழாவாக்கியது. பத்திரிகை என்றால் பத்திரிகைதான்.)

நண்பரின் பேச்சு அந்த 1911இன் பேரப்பிள்ளை என்றே எனக்குப் பட்டது. அவர் சொன்ன இன்னொரு வாக்கியம் இது: "அவங்க மூளையால உள்ள வந்தவங்க, மத்தவங்க பந்தால உள்ள வந்தவங்க." இதயக்குறிகளில் பாதி இந்த வரிக்கு விழுந்தது.

நான் படித்தது தென்மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. விடுதியில் என் அறைத்தோழன் வாலிபால் ஆட்டக்காரன், விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன். காலை நாலரைக்கு எழுந்து போவான். அவன் அலாரத்துக்கு நாங்கள் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்போம். ஒருநாள் ஆய்வகத்தில் அளவீடு தப்பாக வந்தபோது விரிவுரையாளர் அவனைப் பார்த்து, "பந்து தட்டி சீட் வாங்குனவன்தானடா நீ, உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அளவீட்டைத் திரும்ப எடுத்தான். இரண்டாம் வருடம் முழங்கால் போனது. அதற்குப் பிறகு அணியும் அவனைத் தேடவில்லை, கல்லூரியும் தேடவில்லை. மூன்றாம் வருடம் அவன் அறையில் இல்லை. எனக்கு அவன் தொலைபேசி எண்கூடத் தெரியாது.

ஹோசெயின் பிட்சரைப் பார்க்கும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது. ஆறு வயதிலிருந்து எறிந்து எறிந்து வளர்ந்த தோள், எந்த நாளும் பிய்ந்துபோகலாம். டோதாயோடு தோற்றால் அடுத்த நாள் பத்திரிகையில் அவன் ஒரு கேலிச்சித்திரம். ஜெயித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டோதாய்ப் பையன் தோற்றால் அழகு, ஜெயித்தால் அதிசயம். எப்படிப் பார்த்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. பட்டம் வாங்கியதும் அமைச்சகமோ வங்கியோ வர்த்தக நிறுவனமோ வாசலில் காத்திருக்கும். 2017 வரை டோதாயிலிருந்து தொழில்முறை பேஸ்பாலுக்குப் போனவர்கள் ஆறே பேர். மற்றவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மைதானத்தில் தோற்று ஊரில் ஜெயிப்பவனுக்கு 'எளியவன்' வேஷம் கட்டிவிடுவதில் நமக்கு என்ன அவ்வளவு ஆசை?

இதை எனக்கு விளங்கவைத்தவர் அந்த அலுவலகத் தோழர். ஒரு சனிக்கிழமை ஜிங்குவில் டோதாய் ஆட்டம். வெளிர்நீலக் கொடி, முரசு, கறுப்புச் சட்டையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன உற்சாகப் படை. நான் உருகிப்போய், "எவ்வளவு தோத்தாலும் திரும்பத் திரும்ப வராங்க பாருங்க" என்றேன். அவர் எடமாமே உரித்துக்கொண்டே சொன்னார்: "வராம? அவங்களைத்தான் யாராலும் இறக்க முடியாதே."

அவர் படித்தது வேறொரு தனியார் பல்கலைக்கழகம். அதன் அணி 'தோத்தோ' லீக்கில் ஆடுகிறது. தோத்தோவில் நான்கு பிரிவுகள். முதல் பிரிவில் கடைசியாக வந்த அணி, இரண்டாம் பிரிவில் முதலாக வந்த அணியோடு மோதவேண்டும். தோற்றால் கீழே இறங்கவேண்டும். சூவோ, தோயோ மாதிரி பெயர்பெற்ற அணிகளே இறங்கியிருக்கின்றன. அந்த லீக் ஜிங்குவில் ஆடுவது வாரநாட்களில், காலி இருக்கைகளுக்கு முன்னால். சனி ஞாயிறு ஆறு பல்கலைக்கழகங்களுக்கு. பேரரசர் கோப்பையும் அவர்களுக்குத்தான். அவர்களுக்குள் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. 94 என்ன, 940 ஆட்டம் தோற்றாலும் அடுத்த வசந்தத்தில் டோதாய்க்கு அதே நாற்காலி. 1925இல் போடப்பட்டது, இன்னும் எடுக்கப்படவில்லை. தோற்றுக்கொண்டே இருக்க ஒரு இடம் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து! தோத்தோவின் பிள்ளைகளுக்கு அது கிடையாது. என் அறைத்தோழனுக்குக் கிடையவே கிடையாது.

"அப்ப டோதாயை இறக்கிவிடச் சொல்றியா?" ஆமாம், இறக்கிவிடச் சொல்கிறேன். ஆறோடு தோத்தோவையும் சேர்த்துப் பிரிவு பிரியுங்கள். டோதாய் மூன்றாம் பிரிவிலோ நான்காம் பிரிவிலோ ஆடட்டும், ஜெயிக்கட்டும், ஏறி வரட்டும். அது அவர்களுக்கும் நல்லது. 1946ஐப் பாருங்கள். ஜிங்குவை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது, எல்லா அணிகளும் போரில் சிதைந்து ஒரே மட்டத்தில் நின்றன. டோதாய் இரண்டாம் இடம் பிடித்தது. ஆட்டம் ஆட்டமாக இருந்தால் அவர்களும் ஆடுவார்கள். பாரம்பரியம் போய்விடும் என்பார்கள். போகட்டும். லீக்கின் இருக்கை வரிசை என்ன ஆகமமா?

தோல்வி அழகு என்ற பேச்சு எனக்குக் கசப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1943 மே மாதம் அட்டு தீவில் ஜப்பானியப் படை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அரசாங்கம் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை, 'கியோக்குசாய்' என்றது. பச்சைக்கல் சிதறுவதுபோல அழகாகச் சிதறினார்களாம். அதே வருடம் வசந்தத்தில் ஆறு பல்கலைக்கழக லீக் கலைக்கப்பட்டது. அக்டோபர் 21 அன்று, ஜிங்கு பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்த விளையாட்டரங்கில், கொட்டும் மழையில், படைக்கு அனுப்பப்படும் மாணவர்கள் துப்பாக்கி தோளில் சாத்தி அணிவகுத்தார்கள். ஹிதெக்கி தோஜோ பேசினார். முன்னால் போனது டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் கொடி. அந்த வரிசையில் பேஸ்பால் ஆடிய பையன்களும் இருந்தார்கள், பலர் திரும்பவில்லை. தோல்வியைக் கவிதையாக்குவது இந்த இடத்தில் ஒரு அரசாங்க வேலையாக இருந்திருக்கிறது. தெரியாமல் பேசுகிறோம் என்றால் தெரிந்துகொள்ளலாம்.

அணியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லப்போனால் அவர்களைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 94இன் நடுவில், 2013இல், யோமியூரி ஜயன்ட்ஸின் பழைய நட்சத்திர பிட்சர் மசுமி குவாத்தா அங்கே சிறப்புப் பயிற்சியாளராக வந்தார். அவரே சின்ன வயதில் அடி வாங்கி வளர்ந்தவர். பேஸ்பாலைத் தவமாக்கி, முடிவில்லாத பயிற்சியால் உடம்பை வதைக்கும் பழைய வாசெதா மரபைக் கேள்வி கேட்டு வாசெதாவிலேயே முதுகலை ஆய்வேடு எழுதியவர். அவர் டோதாய்ப் பையன்களிடம் தோல்வியின் மகத்துவத்தையா பேசினார்? குறி பார்த்து எறியச் சொன்னார், குறைந்த நேரம் சரியாகப் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெயிக்கும் வழியைச் சொன்னார்.

2021இல் அணியின் மேலாளர் தக்காஷி இதெ, வயது 77. டோதாயிலிருந்து தொழில்முறைக்குப் போன இரண்டாவது ஆள். அந்தப் பருவத்தில் டோதாய் செய்த முக்கியமான காரியம், பேஸைத் திருடியது. பலமாக அடிக்க வராது, அதனால் பிட்சர் கண்ணசரும் நேரம் பார்த்து ஓடினார்கள், மறுபடி ஓடினார்கள். நித்தோபே இருந்திருந்தால் ஜேப்படி என்றிருப்பார். 64 தோல்விக்குப் பிறகு ஹோசெயை 2-0 என்று வென்றார்கள்.

நண்பர் அடுத்த வருடம் டோக்கியோ வருகிறாராம். ஜிங்குவுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டிருக்கிறார், சனிக்கிழமை டோதாய் ஆட்டமாகப் பார்த்து. கூட்டிப் போகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அலுவலகத் தோழரின் அணி முதல் பிரிவில் கடைசியாக நிற்கிறது. அன்றைக்கு அவர் அரைநாள் விடுப்பு போடுவார்.